ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட் பேப்பர்ல மார்க் எங்க போகுது

கேள்வி சுருக்கமா இதுதான்: பி.பி.ஏ மூணாம் வருஷம், ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட் பேப்பர், அஞ்சு யூனிட்டும் மனப்பாடம், ஸ்வாட், ஃபைவ் ஃபோர்சஸ், பி.சி.ஜி மேட்ரிக்ஸ் எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க, ஆனா இன்டர்னல்ல கேஸ் கேள்விக்கு 15க்கு 5 தான் வந்துச்சு, எழுதினது எதுவும் தப்பில்லையே, அப்ப மார்க் எங்க போச்சு, செமஸ்டருக்கு எப்படிப் படிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் ஒரு கம்பெனில பிளானிங் பக்கம் வேலை பாக்குறேன், சனிக்கிழமைகள்ல ஒரு காலேஜ்ல இதே பேப்பர் எடுக்குறேன், அதனால பேப்பர் திருத்துற பக்கத்துல இருந்தும் சொல்லலாம். நீளமா போகும், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல என் கதை. நான் படிக்கும்போது கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பத்தி ஒரு கேஸ் குடுத்தாங்க. நான் ஸ்வாட் போட்டேன், ஒவ்வொரு கட்டத்துலயும் ஆறு பாயின்ட், மொத்தம் 24, அடியில ஸ்கேல் வச்சு கோடெல்லாம் போட்டு அழகா. சார் பேப்பர வாங்கினாரு, ஒண்ணும் பேசல, சிவப்பு பேனாவ எடுத்து மேல இருந்த 'கிங்ஃபிஷர்'ங்கற பேர அடிச்சாரு, அதுக்கு மேல 'ஆவின்'னு எழுதினாரு, பேப்பர என் கையிலயே குடுத்து "இப்ப படிச்சுப் பாரு"ன்னாரு. படிச்சேன். பலம்: நல்ல பிராண்ட் பேரு. பலவீனம்: அதிக செலவு. வாய்ப்பு: வளர்ற மிடில் கிளாஸ். ஆபத்து: போட்டி, அரசாங்கக் கொள்கை மாற்றம். 24ல 20 பாயின்ட் பால் கம்பெனிக்கும் அப்படியே பொருந்துச்சு. கிளாஸே சிரிச்சுது, எனக்கு காது சுட்டுச்சு. உங்க 15க்கு 5 பேப்பர நான் பாக்கல, ஆனாலும் பந்தயம் கட்டி சொல்றேன், இதே வியாதிதான். நீங்க எழுதினது தப்பில்ல, யாருக்கு வேணும்னாலும் பொருந்தும், அவ்ளோதான். வேற எந்த பேப்பர்லயும் இதுக்கு மார்க் கிடைச்சிரும், இதுல கிடைக்காது.

ஏன்னா இந்த சப்ஜெக்டோட அடித்தளமே அதுதான். ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் திரும்பத் திரும்ப சொன்னது என்னன்னா, மத்தவன் செய்யுறதையே அவன விட கொஞ்சம் நல்லா செய்யுறது ஸ்ட்ராட்டஜி ஆகாது, அது வெறும் ஆபரேஷன்ஸ் திறமை, எல்லாரும் சீக்கிரம் கத்துக்குவாங்க, லாபம் கரைஞ்சிரும். நாம எதைச் செய்யப் போறதில்லன்னு முடிவு பண்ணி அதுல நிக்கிறதுதான் ஸ்ட்ராட்டஜி. அப்படின்னா ஒரு கம்பெனியோட ஸ்ட்ராட்டஜிய சரியா எழுதினா அது அந்த ஒரு கம்பெனிக்குத்தான் பொருந்தணும். பேர மாத்தினா பதில் உடையணும். இத ஒரு டெஸ்ட்டா வச்சுக்கோங்க.

இப்ப ஃபைவ் ஃபோர்சஸ எடுத்துக்குவோம், ஏர்லைன்ஸையே வச்சு, ஏன்னா இத விட நல்ல உதாரணம் எனக்கு இதுவரைக்கும் கிடைக்கல. போர்ட்டர் இத 1979ல ஒரு கட்டுரையா எழுதினாரு. ஒரு தொழில்ல லாபத்தப் பிடுங்குற அஞ்சு சக்தி: சப்ளையர், வாங்குறவன், சப்ஸ்டிட்யூட் (மாத்துப் பொருள்), புதுசா உள்ள வர்றவன், இருக்குறவங்களுக்குள்ள போட்டி (ரைவல்ரி). பசங்க பரீட்சைல அஞ்சு தலைப்பப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் 'ஹை', 'மீடியம்', 'லோ'ன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க. அது டாக்டர் பிரஷர் மெஷினக் கட்டி எடுத்துட்டு 'பிரஷர் இருக்கு'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போற மாதிரி. ஏன் ஹை, அதனால யாரோட பாக்கெட்ல இருந்து யார் பாக்கெட்டுக்கு காசு போகுது, அதச் சொல்லணும்.

இந்தியால ஒரு ஏர்லைன் நடத்துறவன் நிலைமைய யோசிங்க. பெரிய விமானம் வேணும்னா உலகத்துல ஏர்பஸ், போயிங்னு ரெண்டே கடை. பெட்ரோல் பங்க் மாதிரி எரிபொருளுக்கு எண்ணெய் கம்பெனிகள் தான், அதுவும் ஏ.டி.எஃப்ங்கற விமான எரிபொருள் ஜி.எஸ்.டிக்குள்ள வரல, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா வாட் போடுது. ஏர்போர்ட் பெரும்பாலும் ஊருக்கு ஒண்ணு, வாடகை பிடிக்கலன்னு வேற இடத்துக்குப் போக முடியாது. ஆக சப்ளையர் பக்கம் மூணு பேரும் கழுத்துல கத்தி வச்சிருக்கான். வாங்குறவன் யாரு? நீங்களும் நானும். மொபைல்ல ஆப்பத் திறந்து சென்னை டெல்லி போட்டா விலை வரிசையா வருது, 200 ரூபா கம்மின்னா அடுத்தவன்கிட்ட போயிடுவோம், பாசம் கிசம் ஒண்ணும் கிடையாது. சப்ஸ்டிட்யூட்னா கோயம்புத்தூருக்கு வந்தே பாரத் இருக்கு, ராத்திரி ஸ்லீப்பர் பஸ் இருக்கு. புதுசா ஒருத்தன் உள்ள வர்றதும் வெளிய தெரியற அளவுக்கு கஷ்டமில்ல, விமானத்த லீசுக்கு எடுக்கலாம். எல்லாத்துக்கும் மேல, விமானம் கிளம்பிட்டா காலியா இருக்குற சீட்டோட மதிப்பு பூஜ்ஜியம், பறக்குற செலவு ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால கடைசி நேரத்துல எந்த விலைக்காவது தள்ளிவிடத்தான் தோணும், எல்லாருக்கும் ஒரே நேரத்துல தோணும். இதுதான் ரைவல்ரி. நம்ம சென்னைய வச்சுப் பறந்த பாராமவுண்ட் 2010ல நின்னுச்சு, கிங்ஃபிஷர் 2012ல, ஜெட் 2019 ஏப்ரல்ல, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம். இவ்ளோ பேர் முட்டாளா இருக்க முடியாது, அந்த இன்டஸ்ட்ரியோட அமைப்பே அப்படி.

இதோட நிறுத்தினா பாதி மார்க். அடுத்த கேள்விய நீங்களே கேட்டுக்கணும்: இவ்ளோ மோசமான தெருவுல ஒருத்தன் மட்டும் எப்படி கடைய நடத்துறான்? இண்டிகோ 2006 ஆகஸ்ட்ல பறக்க ஆரம்பிச்சுது, ஆனா அதுக்கு முந்தின வருஷமே, கையில ஒரு விமானம் கூட இல்லாதப்ப, பாரிஸ் ஏர் ஷோல ஏர்பஸ்கிட்ட 100 விமானத்துக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க. ஏன்? அந்த ரெண்டே கடைக்காரன்கிட்ட பேரம் பேசுற சக்தி வேணும்னா மொத்தமா வாங்கணும். அப்படி தள்ளுபடில வாங்கின விமானத்த லீசிங் கம்பெனிக்கு வித்து, அவன்கிட்டயே திரும்ப வாடகைக்கு எடுத்தாங்க, இதுக்கு சேல் அண்ட் லீஸ்பேக்னு பேரு, கையில காசும் வந்துச்சு, சில வருஷத்துல பழைய விமானத்தத் திருப்பிக் குடுத்துட்டு புதுசு எடுக்கவும் முடிஞ்சுது. பல வருஷம் ஏ320 ஒரே வகை விமானம், அதனால ஒரே வகை பைலட் ட்ரெயினிங், ஒரே வகை ஸ்பேர் பார்ட்ஸ். இலவச சாப்பாடு கிடையாது. ஏறுறதுக்கு படிக்கட்டுக்கு பதிலா சாய்வுப் பாதை வச்சாங்க, வீல்சேர் ஆளும் ஏறலாம், மத்தவங்களும் சீக்கிரம் ஏறலாம், விமானம் தரையில நிக்கிற நேரம் குறையும். இதுல ஒவ்வொண்ணும் மேல சொன்ன ஒரு ஃபோர்ஸுக்கு பதிலா இருக்கு பாருங்க. உங்க பேப்பர்ல இந்தத் தொடர்பத்தான் எழுதணும், இந்தக் கத்திக்கு இந்தக் கேடயம்னு.

அப்புறம் கிங்ஃபிஷர். 'ஆடம்பரமா செலவு பண்ணாங்க, மூடிட்டாங்க'ன்னு எழுதுறது பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுக்கு காலேஜ் எதுக்கு. நல்ல பதில் இப்படி இருக்கும்: அப்ப ஒரு விதி இருந்துச்சு, 5/20 விதின்னு சொல்வாங்க, உள்நாட்டுல அஞ்சு வருஷம் பறந்திருக்கணும், 20 விமானம் இருக்கணும், அப்பத்தான் வெளிநாட்டுக்கு பறக்க அனுமதி. கிங்ஃபிஷர் ஆரம்பிச்சது 2005, அப்ப 2010 வரைக்கும் காத்திருக்கணும். ஏர் டெக்கான் ஆரம்பிச்சது 2003. 2007ல டெக்கான வாங்கினா ரெண்டு வருஷம் மிச்சம். 2008 செப்டம்பர்ல பெங்களூர் லண்டன் பறந்துட்டாங்க. ஆனா அந்த அவசரத்துக்கு விலை என்ன? இந்தியாலயே குறைஞ்ச கட்டணத்துக்கு பேர் போன ஒரு கம்பெனிய, உயர்ந்த சேவைக்கு பேர் போன ஒரு கம்பெனிக்குள்ள கொண்டுவந்து, அதுக்கு கிங்ஃபிஷர் ரெட்னு பேர் வச்சாங்க. பயணி பாக்குறான், இதுவும் கிங்ஃபிஷர், அதுவும் கிங்ஃபிஷர், இது விலை கம்மி. போர்ட்டர் 'ஸ்டக் இன் த மிடில்'னு சொன்னது இதத்தான், காஸ்ட் லீடர்ஷிப்பும் (எல்லாரையும் விட குறைஞ்ச செலவு) இல்லாம டிஃபரன்சியேஷனும் (மத்தவன்கிட்ட இல்லாத தனித்தன்மை) இல்லாம நடுவுல மாட்டிக்கிறது. அதே 2008 ஜூலைல கச்சா எண்ணெய் பேரலுக்கு 147 டாலர தொட்டுச்சு. இப்ப இந்தப் பத்தில கிங்ஃபிஷர்ங்கற பேர அடிச்சுட்டு ஆவின்னு எழுதிப் பாருங்க. எழுத முடியாதுல்ல?

எக்ஸாமினர் கொஞ்சம் கெட்டிக்காரரா இருந்தா இதுல ஒரு திருப்பம் வைப்பாரு. இண்டிகோ 2017 கடைசில ஏ.டி.ஆர்ங்கற சின்ன ப்ரொப்பல்லர் விமானம் கொண்டுவந்துச்சு, 2024ல பிசினஸ் கிளாஸ் மாதிரி சீட்டும் கொண்டுவந்துச்சு, ரொம்ப தூரம் பறக்குற அகல விமானத்துக்கும் ஆர்டர் போட்டுச்சு. இவங்களும் நடுவுல மாட்டப் போறாங்களா? இதுக்கு ஒரே சரியான விடை கிடையாது. ஒரு பக்கம் எடுங்க, காரணம் சொல்லுங்க, எந்த நம்பர் எப்படி மாறினா நீங்க சொன்னது தப்பாகும்னும் சொல்லுங்க. அந்தக் கடைசி வரி எழுதுற பசங்கள நான் விரல் விட்டு எண்ணிடுவேன், அவங்களுக்கு கை தானா மார்க் போடும்.

ரெண்டாவது பெரிய விஷயம் உள்பக்கம் பாக்குறது. ஜே பார்னி 1991ல எழுதினது, ரிசோர்ஸ் பேஸ்டு வியூ. ஒரு கம்பெனிக்குள்ள இருக்குற எது மதிப்புள்ளது, எது அரிது, எத மத்தவன் காப்பி அடிக்க முடியாது, அத பயன்படுத்திக்கிற மாதிரி கம்பெனி அமைஞ்சிருக்கா. இந்த நாலு கேள்வியும் பின்னாடி வ்ரியோன்னு (VRIO) ஆச்சு, நோட்ஸ்ல அந்த நாலு எழுத்தா இருக்கும். இதுக்கு நம்ம மதுரைலயே உலகம் பூரா பாடமா படிக்கிற கேஸ் இருக்கு, அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஜி. வெங்கடசாமி கவர்மென்ட் வேலைல இருந்து 58 வயசுல ரிட்டயர் ஆகி, 1976ல 11 பெட்டோட ஆரம்பிச்சது. பசங்ககிட்ட இந்த கேஸக் குடுத்தா 'சேவை மனப்பான்மை' எழுதி நாலு வரில கண் கலங்க வைப்பாங்க. அது உண்மைதான், ஆனா சேவை மனப்பான்மை இருந்து இழுத்து மூடின ஆஸ்பத்திரி எத்தனையோ இருக்கு.

கிட்டப் போய்ப் பாருங்க. ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள். இந்த டேபிள்ல கேட்டராக்ட் முடிச்சதும், டாக்டர் அப்படியே மைக்ராஸ்கோப்போட அந்தப் பக்கம் திரும்பினா அடுத்த நோயாளி தயாரா படுத்திருப்பாரு. தயார் பண்றது, கட்டு போடுறது, கருவி எடுத்துக் குடுக்குறது எல்லாம் நர்ஸுங்க, பெரும்பாலும் கிராமத்துல இருந்து பிளஸ் டூ முடிச்சுட்டு வந்து அங்கயே ட்ரெயினிங் எடுத்த பொண்ணுங்க. டாக்டர் கை டாக்டர் மட்டும் செய்யக்கூடிய வேலைய மட்டும் செய்யும். சரி, இத மட்டும் வேற ஆஸ்பத்திரி காப்பி அடிச்சா? ரெண்டு டேபிள் போட்டாச்சு, ஆனா அந்த டேபிள நாள் பூரா நிரப்ப நோயாளி எங்க? அரவிந்த் ஊர் ஊரா கேம்ப் போட்டு, அங்கயே பரிசோதனை பண்ணி, ஆபரேஷன் தேவைப்படுறவங்கள பஸ்ல கூட்டிட்டு வந்து திரும்பக் கொண்டுபோய் விடுது. சரி, கேம்ப்பும் போட்டாச்சு, வர்றவங்க பாதிக்கு மேல இலவசம் இல்லன்னா சலுகை விலை, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் அந்தக் காலத்துல இறக்குமதி, ஒண்ணு நூறு டாலர் பக்கம். எங்க இருந்து குடுக்குறது? அதனால 1992ல ஆரோலேப்னு சொந்தமா லென்ஸ் ஃபேக்டரி ஆரம்பிச்சு பத்து டாலர் பக்கத்துக்குக் கொண்டுவந்துட்டாங்க. காசு குடுக்குற நோயாளி ஏன் வர்றாரு? நிறைய ஆபரேஷன் பண்ற டாக்டர் கை பழகியிருக்கும், தரம் நல்லா இருக்கும், அந்தப் பேருக்காக வர்றாரு. அந்த எண்ணிக்கைய யார் குடுக்குறாங்க? இலவச நோயாளிங்க. ஒண்ணு இன்னொண்ணப் பிடிச்சிருக்கு, முறுக்கு மாதிரி, ஒரு பக்கத்த உடைச்சா முழுசும் போயிடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எதுன்னா, அரவிந்த் எதையும் மறைக்கல. லைக்கோன்னு ஒரு நிறுவனமே வச்சு மத்த ஆஸ்பத்திரிகளுக்கு எப்படின்னு சொல்லிக் குடுக்குறாங்க, வந்து காப்பி அடிச்சுக்கோங்கன்னு கதவத் திறந்து வச்சிருக்காங்க. அப்ப வ்ரியோல மூணாவது எழுத்து, காப்பி அடிக்க முடியாததுன்னு சொல்ற இடம், என்ன ஆகுது? அங்கதான் யோசிக்கணும். தனித்தனியா டேபிளையும் கேம்ப்பையும் லென்ஸையும் காப்பி அடிக்கலாம், எல்லாத்தையும் சேர்த்து, அதே ஒழுங்கோட, பல வருஷம் நடத்துறதுதான் கஷ்டம். இன்னொண்ணு, காப்பி அடிக்கப்படுறது தோல்வின்னு நினைக்கிறது லாபத்துக்கு நடத்துற கம்பெனிக்குத்தான், பார்வை இழப்ப ஒழிக்கிறதுதான் குறிக்கோள்னா அடுத்தவன் காப்பி அடிச்சா அது வெற்றி. தியரி எங்க பொருந்தலங்கிறத சொல்ற மாணவன் தியரி புரிஞ்ச மாணவன்.

மூணாவது, எல்லா நோட்ஸும் ஒளிச்சு வைக்கிற விஷயம்: ஸ்ட்ராட்டஜி எப்பவும் மேல உக்காந்து பிளான் போட்டு கீழ இறங்கி வர்றது (இதுக்குப் பேரு டெலிபரேட்) இல்ல. ஹென்றி மின்ட்ஸ்பெர்க்ங்கற மேனேஜ்மென்ட் பேராசிரியர் எமர்ஜென்ட் ஸ்ட்ராட்டஜின்னு சொன்னாரு, அதாவது நடக்க நடக்க உருவாகுறது. இதுக்கு ஹோண்டா கதை. 1959ல ஹோண்டா ஆளுங்க லாஸ் ஏஞ்சல்ஸ் போனாங்க. அமெரிக்காக்காரன் பெரிய பைக்தான் வாங்குவான்னு பெரிய பைக்க விக்கத்தான் ஆசை. ஆனா அங்க ரோடு நீளம், வேகமும் அதிகம், 1960ல பெரிய பைக்கெல்லாம் ஆயில் ஒழுகி, கிளட்ச் போய் திரும்பி வர ஆரம்பிச்சுது. இவங்க ஊருக்குள்ள சொந்த வேலைக்கு 50 சிசி சூப்பர் கப்ப ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, அதப் பாத்து தெருவுல ஆளுங்க கேட்டாங்க, சியர்ஸ்ங்கற பெரிய கடைல இருந்து போன் கூட வந்துச்சு. வேற வழியில்லாம சின்ன வண்டிய விக்க ஆரம்பிச்சாங்க. 1964ல அமெரிக்கால வித்த பைக்ல ரெண்டுல ஒண்ணு கிட்டத்தட்ட ஹோண்டா. அவங்களோட பிரபலமான விளம்பரம், ஹோண்டால போறவங்க நல்ல மனுஷங்கங்கற அர்த்தத்துல வந்தது, அது யோசனையா பிறந்தது எங்க தெரியுமா, ஒரு யுனிவர்சிட்டி மாணவன் கிளாஸுக்கு எழுதின அசைன்மென்ட்ல. அடுத்த தடவை அசைன்மென்ட்ட ராத்திரி 12 மணிக்கு காப்பி பேஸ்ட் பண்ணும்போது இத நினைச்சுக்கோங்க.

சுவாரஸ்யம் என்னன்னா, 1975ல பாஸ்டன் கன்சல்டிங் குரூப் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இதப் பத்தி ஒரு ரிப்போர்ட் குடுத்துச்சு, அதுல ஹோண்டா பெரிய அளவுல உற்பத்தி பண்ணி, செலவக் குறைச்சு, திட்டம் போட்டு மார்க்கெட்டப் பிடிச்ச மாதிரி இருக்கும். ரிச்சர்ட் பாஸ்கேல்ங்கறவரு அந்த ஹோண்டா ஆளுங்ககிட்டயே நேரா போய்க் கேட்டு 1984ல எழுதினப்பதான் மேல சொன்ன கதை வெளிய வந்துச்சு. ஒரே சம்பவம், ரெண்டு விளக்கம். ரெண்டுலயும் உண்மை இருக்கு, ஏன்னா ஜப்பான்ல ஏற்கனவே பெரிய உற்பத்தி இல்லன்னா அந்த சின்ன வண்டிய அந்த விலைக்கு குடுத்திருக்கவே முடியாது. 'டெலிபரேட், எமர்ஜென்ட் வேறுபடுத்துக'ன்னு 10 மார்க் கேள்வி வந்தா டேபிள் போட்டு எட்டு வித்தியாசம் எழுதாதீங்க, இந்த ஒரு கதைய ரெண்டு பக்கமும் நின்னு சொல்லுங்க.

மத்த ஃபிரேம்வொர்க்குகளுக்கு ரொம்ப நேரம் வேணாம். பி.சி.ஜி மேட்ரிக்ஸ் 1970ல வந்தது, பல தொழில் வச்சிருக்குற பெரிய குரூப்புக்கு காச எங்க இருந்து எடுத்து எங்க போடலாம்னு பாக்க, வளர்ச்சியும் மார்க்கெட் பங்கும் கம்மியான தொழில அதுல 'நாய்'னு சொல்வாங்க, ஒரே பொருள் விக்கிற கம்பெனிக்கு அதப் போட்டு 'இது நாய், மூடிடணும்'னு எழுதாதீங்க. ஆன்சாஃப் 1957, பழைய பொருளா புதுசா, பழைய மார்க்கெட்டா புதுசான்னு நாலு கட்டம், பத்து நிமிஷத்துல முடியும். செவன் எஸ், பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு எல்லாம் பார்ட் ஏ ரெண்டு மார்க்குக்கு படிச்சா போதும். ஸ்வாட் மோசம்னு நான் சொல்லல, கடைசில சுருக்கமா தொகுக்க நல்லா இருக்கும், யோசனைய அதுல இருந்து ஆரம்பிச்சா மட்டும்தான் என் 24 பாயின்ட் கதை.

நம்பர் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்த பேப்பர கடைசி வருஷத்துல வச்சிருக்குறதுக்கு காரணமே அக்கவுன்ட்ஸ், மார்க்கெட்டிங், எச்.ஆர், காஸ்டிங் எல்லாம் முடிச்சுட்டு வருவீங்க, அதெல்லாம் இங்க ஒரே மேசைல வைக்கணும்ங்கறதுதான். ஆனா பசங்க கேஸ்ல இருக்குற டேபிளத் தாண்டிப் போயிடுறாங்க. கேஸ் குடுத்தவரு சும்மா பேப்பர் நிரப்ப அந்த நம்பர வைக்கல. நான் கேஸ் படிக்கிற விதம்: முதல்ல கடைசில இருக்குற கேள்வி, அப்புறம் டேபிள், அப்புறம்தான் கதை. விற்பனை ஏறுது, லாபம் இறங்குதுன்னா நடுவுல எதோ ஒரு செலவு தின்னுது, அது எதுன்னு தேடிக்கிட்டே கதையப் படிச்சா ஒவ்வொரு பத்தியும் துப்பு மாதிரி தெரியும். காஸ்டிங்ல படிச்ச பிரேக் ஈவன் ஒண்ணு போதும், ஏர்லைன்ல நூத்துல எத்தனை சீட் நிரம்பினா நஷ்டமில்லன்னு ஒரு வரி கணக்கு போட்டா அந்தப் பேப்பர் கட்டுல இருந்து உங்க பேப்பர் தனியா தெரியும்.

கேஸுக்கு மேட்டர் எங்க கிடைக்கும்னா, கைடு வாங்காதீங்க. ஒரு கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, மார்க்கெட்ட கண்காணிக்கிற செபிகிட்ட டிராஃப்ட் ப்ராஸ்பெக்டஸ்னு ஒண்ணு குடுப்பாங்க, செபி வெப்சைட்ல இலவசமா இருக்கு, நூத்துக்கணக்கான பக்கம், பயப்படாதீங்க, ரெண்டு பகுதி மட்டும் படிங்க. ஒண்ணு அந்த இன்டஸ்ட்ரி பத்தினது, இன்னொண்ணு ரிஸ்க் ஃபேக்டர்ஸ். சட்டத்துக்கு பயந்து கம்பெனி தன்னோட பலவீனத்த தானே விரிவா எழுதுற இடம் அது. 'எங்க விற்பனைல பெரும்பங்கு சில வாடிக்கையாளர்கள நம்பி இருக்கு'ன்னு ஒரு வரி இருக்கும், அதான் பையர் பவர், அவங்க வாயாலயே. அப்புறம் லிஸ்ட் ஆன கம்பெனிங்க ஒவ்வொரு காலாண்டும் அனலிஸ்ட்டுங்களோட பேசுற போன் கால எழுத்து வடிவத்துல பி.எஸ்.இ சைட்ல போடுறாங்க. அதுல கேள்விங்களப் படிங்க, பதில விட கேள்விதான் முக்கியம், காசு போட்டவன் எதுக்கு பயப்படுறான்னு தெரியும்.

பரீட்சை ஹால்ல கேஸ் கேள்வி எழுதும்போது முதல் மூணு வரிலயே உங்க முடிவ எழுதிடுங்க, பிரச்சனை இது, கம்பெனி இதச் செய்யணும், இதுக்காக இத விட்டுக்குடுக்கணும். விட்டுக்குடுக்கறத எழுதாத முடிவு முடிவே இல்ல. 'விலையக் குறைக்கணும், தரத்த உயர்த்தணும், விளம்பரம் அதிகம் பண்ணணும், ஊழியர்களுக்கு பயிற்சி குடுக்கணும்' இந்த நாலு வரிய நான் எத்தனை பேப்பர்ல பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, இதுக்கெல்லாம் காசு எங்க இருந்து வரும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. முடிவுக்கு அப்புறம் காரணம், அதுக்குத் தேவைப்படுற ஒண்ணு ரெண்டு ஃபிரேம்வொர்க் மட்டும், எல்லாத்தையும் கடை விரிக்க வேணாம். எழுதி முடிச்சதும் அந்த ஆவின் டெஸ்ட்.

இப்ப இருந்து செமஸ்டர் வரைக்கும் என்ன பண்றதுன்னா, வாரம் ஒரு கம்பெனி, ஒரு பக்கம் எழுதுங்க. ஆனா முதல் வாரம் பெரிய கம்பெனி வேணாம், உங்க தெருவுல இருக்குற கடைய எடுங்க. போன வருஷம் என் பசங்க ஒரு குரூப் மாவுக்கடை எடுத்தாங்க, ஒரு அக்கா வீட்டு முன்னாடி கிரைண்டர் வச்சு இட்லி மாவு விக்கிறாங்க. பசங்க ஆரம்பத்துல எழுதிட்டு வந்தது வழக்கம் போல, என்ட்ரி பேரியர் லோ, கிரைண்டர் இருந்தா யார் வேணும்னாலும் வரலாம், சப்ஸ்டிட்யூட் வீட்டு கிரைண்டர், இன்னொரு பக்கம் கடைல பாக்கெட் மாவு. சரி, அப்புறம் ஏன் அந்த அக்கா மட்டும் பல வருஷமா நிக்கிறாங்கன்னு கேட்டேன், தெரியல. திருப்பி அனுப்பினேன்.

ஒரு பொண்ணு போய் அந்த அக்காகிட்ட உக்காந்து பேசிட்டு வந்தா. அக்கா சொன்னாங்களாம், "யாவாரத்துல மாவு ஆட்டுறது பெருசில்ல பாப்பா, மிஞ்சுனா என்ன பண்றதுங்கறதுதான் பெருசு. வெயில் காலத்துல மறுநாளே புளிச்சிரும்." மிஞ்சின மாவ அவங்க என்ன பண்றாங்க? மறுநாள் சாயங்காலம் வெங்காயம், பச்சை மிளகா போட்டு தாளிச்சு குழிப்பணியாரம், அதே வாசல்ல. கொஞ்சம் புளிச்ச மாவுலதான் பணியாரம் நல்லா வரும்னு வேற சொல்லியிருக்காங்க. பக்கத்து தெருவுல புதுசா மாவு ஆரம்பிச்சவங்க மிஞ்சிடும்னு பயந்து கம்மியா ஆட்டுறாங்க, ஏழு மணிக்கு மேல வந்தா மாவு இல்ல, வாடிக்கை இங்க வந்துடுது. இந்த அக்கா தைரியமா கூட ஆட்டலாம், மிஞ்சினா நஷ்டமில்ல. அந்தப் பொண்ணு பிரசன்டேஷன்ல ஒரே வரி எழுதியிருந்தா, 'ஏர்லைனுக்கு காலி சீட்டுல பணியாரம் சுட முடியாது'. நான் எடுத்த வருஷங்கள்ல உள் மதிப்பெண் முழுசா குடுத்தது அதுக்கு ஒண்ணுக்குத்தான்.

நீங்களும் போங்க, நோட்டு எடுத்துட்டுப் போங்க, கிலோ அரிசிக்கு எவ்ளோ உளுந்து, எத்தனை பாக்கெட் வருது, கரண்ட் பில் எவ்ளோன்னு எல்லாம் கேளுங்க, ஒரு கிலோ மாவும் வாங்கிடுங்க சும்மா உக்காந்து பேசுறதுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போயிடாதீங்க, ஞாயித்துக்கிழமை இட்லிக்கு தெருவே நிக்கும், அப்ப போனா தூக்குவாளிய எடுத்து விரட்டிடுவாங்க.